துத்தநாகத் தாழ்ப்பாள்

தாயாரம்மாவின் கண்களைத் துணியால் கட்டியாயிற்று. டாக்டர் ஜெஸிந்தா தொடு உணர்ச்சிச் சோதனைக்கான நைலான் இழையை இன்னும் கையில்கூட எடுக்கவில்லை. அதற்குள் "இங்க" என்று குரல் வந்தது.

"எங்க? நான் இன்னும் தொடவே இல்லையே."

"உள்ளங்கைல, சுண்டுவிரலுக்குக் கீழ. நீங்க இல்ல டாக்டரம்மா. எறும்பு."

ஜெஸிந்தா குனிந்து பார்த்தாள். உண்மைதான். மேஜையில் யாரோ சிந்திய டீயைத் தேடி வந்த பிள்ளையார் எறும்பு ஒன்று, வழி தவறி அந்தக் கையில் ஏறியிருந்தது.

"நின்னுகினு இருக்குது. இப்ப முன்னங்கால் ரெண்டையும் தூக்கி மூஞ்சத் தொடைக்குது. மீதி நாலும் அப்படியே ஊணிகினு இருக்குது. எறும்புக்கு ஆறு காலா டாக்டரம்மா?"

டாக்டராகி இத்தனை வருஷத்தில், எறும்பின் கால்களைத் தோலால் எண்ணிச் சொன்ன மனுஷியை ஜெஸிந்தா பார்த்ததில்லை. எந்த நோயும் தொடாத அவளுடைய சொந்தக் கையில் எறும்பு ஏறினால், ஏதோ ஊர்கிறது என்று தெரியும். அதற்கு மேல் ஒரு மண்ணும் தெரியாது.

அதுவும் இந்தக் கை! தாவணி போட்ட வயதில் தாயாரம்மாவுக்குத் தொழுநோய் வந்தது. மாத்திரை சாப்பிட்டாள், நோய் போயிற்று. போகிற போக்கில் கைகளிலிருந்த உணர்ச்சியையும் வாரிக்கொண்டு போய்விட்டது. சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்கிக்கொண்டன. முப்பது வருஷமாகக் கொதிக்கிற குழம்புச் சட்டியும் ஒன்றுதான், குளிர்ந்த மோர்ப் பானையும் ஒன்றுதான். கை சுட்டுவிட்டது என்பதே தீய்ந்த வாசனை வந்தால்தான் தெரியும்.

ஆலந்தாங்கல் ஆஸ்பத்திரியில் அவளைப் போல ஆறு பேரைத் தேர்ந்தெடுத்து, ஒரு வருஷத்துக்கு முன் புதிய மருந்து ஒன்றைச் செலுத்த ஆரம்பித்திருந்தார்கள். நரம்பை வளரச் செய்யும் புரதம் அது. ஆய்வுக்கூடத்தில் அதற்குச் செல்லப் பெயர் தளிர். கண்ணுக்குத் தெரியாத ஊசிகள் கொண்ட ஒரு பட்டையை மாதம் ஒருமுறை வலது உள்ளங்கையில் ஒட்டுவார்கள். மற்ற ஐந்து பேரும் இன்றுவரை மரக்கட்டையாகத்தான் இருந்தார்கள். தாயாரம்மா மட்டும் எறும்போடு பேசிக்கொண்டிருக்கிறாள்.

தளிரை உண்டாக்கிய ஆராவமுதன் கூப்பிட்டவுடன் ஓடிவந்தான். காஞ்சிபுரத்துப் பையன். சந்தோஷம் வந்தாலும் பயம் வந்தாலும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பான். அன்று துடைத்துக்கொண்டே இருந்தான்.

"இப்படி ஆகவே கூடாது டாக்டர்" என்றான்.

"நல்லதுதானே சார் ஆயிருக்குது?" என்றாள் தாயாரம்மா.

"நல்லதுதாம்மா. ஆனா எப்படி ஆச்சுன்னு தெரியணுமே. இந்தப் புரதம் இருக்கு பாருங்கோ, இது நரம்பை இந்தப் பக்கம் வா, அந்தப் பக்கம் வான்னு கூப்பிட்டுண்டே இருக்கும். கூப்பிடறது அதிகமாப் போனா வம்பு. அதனால நாங்க அதுக்குத் துத்தநாகத்தால ஒரு தாழ்ப்பாள் போட்டோம். துத்தநாக அயனி போய் ஒட்டிண்டா, நரம்புக்கு இந்தப் புரதத்தை அடையாளமே தெரியாது. உடம்பு அந்தத் துத்தநாகத்தைத் துளித்துளியா எடுக்கும். புரதமும் மெல்ல மெல்ல முழிச்சுக்கும். ரெண்டு மூணு வருஷத்துல விரல் நுனியில துளி சொரணை வந்தாலே பெரிசுன்னு இருந்தோம்."

"அந்தத் தாழ்ப்பாளை வேற எதுவும் திறக்குமா?" என்று ஜெஸிந்தா கேட்டாள். பதில் அவளுக்கே தெரியும்.

"செம்பு. செம்பு அயனி வந்தா துத்தநாகத்தைத் தள்ளிவிட்டுட்டு அந்த இடத்துல உக்காந்துக்கும். புரதத்தோட உருவமே மாறிடும். கதவு அகலத் திறந்துடும்."

அதனால்தான் ஆறு பேருக்கும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். செம்புப் பாத்திரத்தில் தண்ணீர் குடிக்கக் கூடாது. செம்பு மோதிரம், காப்பு போடக் கூடாது. காலனியில் இருந்த நாலைந்து செப்புக் குடங்களும் அன்றே பரணுக்குப் போய்விட்டன.

"செம்புல தண்ணி குடிச்சேளா?"

"சத்தியமா இல்ல சார். எங்க வூட்ல எல்லாம் எவர்சில்வருதான்."

"காலையில எழுந்ததுலேர்ந்து என்னென்ன பண்ணுவேள்? ஒண்ணு விடாம சொல்லுங்கோ."

"இன்னா பண்ணுவன்? குளிப்பன். பெருமாள் கோயிலுக்குப் போவன். ஒரு மண்டலம் வரேன்னு வேண்டிகினு இருந்தன், அது முடிஞ்சும் வுட மனசு வரல. தீர்த்தம் வாங்குவன். வூட்டுக்கு வந்து அடுப்பு மூட்டுவன்..."

ஆராவமுதனின் கை கண்ணாடியோடு அப்படியே நின்றது.

"தீர்த்தம் எதுல குடுப்பாங்க?" என்றாள் ஜெஸிந்தா. அவள் நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள்.

"செப்புப் பாத்திரத்துல" என்றான் ஆராவமுதன் மெதுவாக. "துளசியும் பச்சைக் கற்பூரமும் போட்டு ராத்திரி முழுக்க ஊறும். உள்ளங்கையில விடுவா. குடிச்ச மிச்சத்தைத் தலையில தடவிப்போம்."

"நான் தலைல தடவ மாட்டன் சார்" என்றாள் தாயாரம்மா. "இந்தக் கையிலதான் நல்லா தேய்ச்சிக்குவன். பெருமாளே, மருந்த நீ வேல செய்ய வைன்னு."

அந்தக் கை முழுவதும் பட்டையின் ஊசிகள் போட்ட நுண்ணிய துளைகள். அவற்றின் மேல் தினந்தோறும் செம்பு கரைந்த நீர். இரண்டு பேரும் அவளையே பார்த்தார்கள்.

"நாங்கதான் செம்புத் தண்ணியே தொடக் கூடாதுன்னு சொன்னோமேம்மா" என்றாள் ஜெஸிந்தா.

"அது தண்ணியா டாக்டரம்மா? தீர்த்தமாச்சே!"

ஜெஸிந்தா கோபப்படுவதற்குள் ஆராவமுதன் சிரிக்க ஆரம்பித்துவிட்டான். கண்ணில் நீர் வரச் சிரித்தான். "அவங்களைச் சொல்லாதீங்கோ டாக்டர். நானே சனிக்கிழமை தவறாம வாங்கிச் சாப்பிடறேன். ஊரெல்லாம் செம்பு செம்புன்னு கத்தினவன் நான், எனக்கே தோணலியே!"

சென்னையிலிருந்த ஆய்வுக் குழுவிடம் எதையும் மறைக்காமல் சொன்னார்கள். குழு நீண்ட நேரம் வாதாடிவிட்டு ஒரு முடிவுக்கு வந்தது. பொங்கல்வரை தாயாரம்மாவின் கையைக் கவனிப்பது. கெடுதல் ஒன்றும் இல்லையென்றால் செம்பை அளந்து கலந்து மற்றவர்களுக்கும் கொடுப்பது. தாங்க முடியாத வலி வந்தால் துத்தநாக ஊசி போட்டுக் கதவை மூடிவிடுவது. ஆய்வும் அத்தோடு சரி. மருந்துக்குக் காத்திருந்த அடுத்த வரிசையில் முதல் ஆளாக இருந்தவர் முனிரத்தினம், தாயாரம்மாவின் புருஷன்.

இதையெல்லாம் ஜெஸிந்தா தாயாரம்மாவிடம் விளக்கமாகச் சொன்னாள். சொல்ல வேண்டியது கடமை. ஆனால் அதுதான் வினையாக முடிந்தது.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் காலனியில், அந்த மழைக்காலம் முழுவதும் திருவிழாதான். முப்பது நாற்பது வீடுகள். எல்லாரும் நோய் தீர்ந்தவர்கள், எல்லாரும் கை மரத்தவர்கள். அவர்கள் ஒவ்வொரு பொருளாகக் கொண்டுவந்து தாயாரம்மாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தார்கள். ஒருத்தர் மைனாவின் இறகைக் கொண்டுவந்தார். ஒருத்தி பிறந்த ஆட்டுக்குட்டியையே தூக்கிக்கொண்டு வந்தாள்.

"காது எப்படி இருக்குது தாயாரு?"

"வெத்தல மாதிரி. ஆனா உள்ள ரத்தம் ஓடுது. குடுகுடுன்னு ஓடுது."

"ஐசு?"

"மொதல்ல சுடுது. அப்பாலதான் ஜில்லுன்னு இருக்குது."

"ஆமாமா, சுடும்" என்றார் ஒரு கிழவர், ஏதோ காணாமல் போன சொந்தக்காரனைப் பற்றிப் பேசுவது போல. "எனக்கு ஞாபகம் இருக்குது."

ஜெஸிந்தா வேலை இருக்கிறதோ இல்லையோ சாயங்காலமானால் அங்கே போய் உட்கார்ந்துகொள்வாள். அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. இத்தனை வருஷம் கைகளைப் பற்றிப் படித்தும் பேசியும் வந்திருக்கிறாள். தன் கையால் உலகத்தை ஒரு நாளாவது இப்படித் தொட்டதில்லை.

சாயங்காலம் அந்தக் காலனியில் ஒரு வழக்கம் உண்டு. கையில் முள் குத்தினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. ஆகவே விளக்கு வைத்ததும் புருஷனும் பெண்சாதியும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருத்தர் கையை ஒருத்தர் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். காயம் இருந்தால் மருந்து போடுவார்கள். முனிரத்தினமும் தாயாரம்மாவும் இந்தக் காலனியிலேயே கல்யாணம் செய்துகொண்டவர்கள். அன்றிலிருந்து ஒரு நாளும் இதைத் தவறவிட்டதில்லை. அத்தனை வருஷமும் இரண்டு பேர் கைகளும் ஒன்றின்மேல் ஒன்று இருந்தன. ஆனால் அந்தத் தொடுதல் இரண்டு பேருக்குமே தெரியாது.

"எங் கை எப்படி இருக்குதுன்னு கேட்டா சொல்ல மாட்டேன்றா டாக்டரம்மா" என்று முனிரத்தினம் முறையிட்டார். "ஆட்டுக்குட்டிக்கு இருக்கற மரியாதகூட எனக்கு இல்ல."

"உனக்கும் வரட்டும், நீயே தெரிஞ்சிக்க" என்றாள் தாயாரம்மா. பிறகு ஜெஸிந்தாவிடம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "ஒருத்தர் மட்டும் புடிச்சா அது கை புடிக்கறதா டாக்டரம்மா?" என்றாள்.

கார்த்திகை பிறந்து சில நாளில் முனிரத்தினம் ஆஸ்பத்திரிக்குத் தனியாக வந்தார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"அவளுக்கு வலிக்குது" என்றார்.

"இல்லையே. நேத்துகூடக் கேட்டேன். சிரிச்சிக்கிட்டுத்தான் இருந்தாங்க."

"சிரிப்பா. உங்க முன்னால சிரிப்பா. நாங்க கண்ணாலயே பொழைக்கறவங்க டாக்டரம்மா, எங்கிட்ட மறைக்க முடியுமா? தூறல் போட்டா உள்ள ஓடிடறா. காத்து அடிச்சா மூச்சப் புடிச்சிக்கறா. சாயங்காலம் கையத் திருப்பிப் பாக்கறப்ப பல்லக் கடிச்சிகினு இருக்கறா. வலின்னா எப்படின்றதே எனக்கு மறந்துபோச்சு. ஆனா எம் பொண்டாட்டி மூஞ்சி மறக்குமா?"

ஜெஸிந்தா அப்படியே எழுந்து அவரோடு நடந்தாள். வீட்டின் பின்பக்கம் தாயாரம்மா உட்கார்ந்திருந்தாள். வெந்தயம் ஊறிய தண்ணீர் நிறைந்த குண்டானுக்குள் வலது கை மணிக்கட்டுவரை மூழ்கியிருந்தது. டாக்டரைப் பார்த்ததும் கையை வெளியே எடுக்கப் பார்த்தாள், முடியவில்லை. அப்புறம் புருஷனைப் பார்த்த பார்வையில் அவர் எரிந்து போயிருக்க வேண்டும்.

"சொல்லிட்டியா? நிம்மதியா இருக்குதா?"

"எவ்வளவு நாளா இப்படி?" என்றாள் ஜெஸிந்தா.

"தீவாளிக்கு முன்னால இருந்து."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா ஊசி போட்டு மூடிடுவீங்க. இவருக்கு வராது. காலனில ஒருத்தருக்கும் வராது. பொங்கலு வரைக்கும் பல்லக் கடிச்சிகினா ஆச்சுன்னு இருந்தன்."

"எனக்காக நீ வேவணுமா?" என்று முனிரத்தினம் கத்தினார். அவர் கத்தி அந்தக் காலனியில் யாரும் கேட்டதில்லை. "அப்படி ஒரு கை எனக்கு எதுக்குடி?"

தாயாரம்மா அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள். "மொளகா அரைச்ச கை மாதிரி எரியுது டாக்டரம்மா. காத்து பட்டா எரியுது. இவரு மூச்சு பட்டா எரியுது. ஆனா அந்த எரிச்சலுக்கு அடியில காத்து இருக்குது. மூச்சு இருக்குது. அத வுட மனசு வரலியே."

வலியை எடுத்துவிடு என்று கேட்கிறவர்களைத்தான் ஜெஸிந்தா இதுவரை பார்த்திருக்கிறாள்.

ஆராவமுதன் கையை ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு, கண்ணாடியைத் துடைக்கவும் மறந்து நின்றான். சாதாரணக் கையில் இருப்பதைப் போல நான்கு மடங்கு நரம்புகள் அந்த உள்ளங்கையில் மண்டிக் கிடந்தன. "நிறுத்தத் தெரியல இதுக்கு. இன்னும் விட்டா மணிக்கட்டைத் தாண்டி மேல ஏறிடும். அப்புறம் துத்தநாகம் போட்டாலும் அடங்காது. மூடித்தான் ஆகணும் டாக்டர்."

தாயாரம்மா தன் கையைப் பார்த்தாள். பிறகு, மார்க்கெட்டில் கத்தரிக்காய் பேரம் பேசுகிறவளைப் போல நிமிர்ந்தாள்.

"மொத்தமா மூடணுமா சார்? ஒரு வெரல வுட்டுட முடியாதா?"

ஆராவமுதன் ஜெஸிந்தாவைப் பார்த்தான். ஜெஸிந்தா அவனைப் பார்த்தாள்.

"ஒவ்வொரு விரலாத்தான் ஊசி போடப்போறோம்" என்றான் அவன், யோசித்து யோசித்து. "உள்ளங்கையை மூடிட்டா, ஒரு விரல்ல இருக்கறது கொஞ்சம் நரம்புதான். அதுக்கும் பாதித் தாழ்ப்பாள் போடலாம். வலி தாங்கற அளவுக்குக் குறையலாம். குறையாமலும் போகலாம். யாரும் பண்ணிப் பார்த்ததில்லை."

"எந்த விரல்?" என்றாள் ஜெஸிந்தா.

"சுண்டுவெரலு. நடக்கறப்ப இவரு எனக்கு வலது பக்கம்தான் வருவாரு. கோத்துக்கலாம்."

ஊசி போடுகிற அன்று, அவள் கேட்டுக்கொண்டபடி எல்லாரும் பொறுமையாக இருந்தார்கள். ஒவ்வொரு விரலுக்கும் அவள் ஒரு வேலை வைத்திருந்தாள். கட்டை விரலால் முனிரத்தினத்தின் சவரம் செய்யாத தாடையை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை தடவினாள். வலியில் அவள் பற்கள் கிட்டிப்போயிருந்தன. அந்த எரிச்சலிலும் அவள் அவசரப்படவில்லை. ஆள்காட்டி விரலைத் தன் உதட்டில் வைத்துக்கொண்டாள். நடுவிரலைச் சட்டென்று ஜெஸிந்தாவின் மணிக்கட்டில் வைத்தாள்.

"உங்க நாடி தடதடன்னு ஓடுது. பயப்படாதீங்க டாக்டரம்மா."

மடங்கிய மோதிர விரலை ஜன்னலுக்கு வெளியே கொண்டுபோய் வெயிலில் காட்டினாள். வெயில் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பிறகு கையை மேஜைமேல் வைத்து, "ம்" என்றாள்.

நாலைந்து நாளில் உள்ளங்கையும் நான்கு விரல்களும் ஒவ்வொன்றாக மரத்தன. எரிச்சலும் போயிற்று. தாயாரம்மா இரண்டு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. சாவு விழுந்த வீட்டைப் போலத்தான் இருந்தது. ஆனால் சுண்டுவிரல் விழித்தே இருந்தது. அதில் சுருக்கென்று ஒரு சின்ன வலி, காலணிக்குள் கிடக்கும் மணல் போல, நிரந்தரமாக இருந்தது. "இது இருக்கட்டும்" என்றாள். "இது இல்லன்னா வெரலு போயிடுச்சோன்னு பயந்துக்குவன்."

குழு சொன்னபடியே ஆய்வை மூடிற்று. ஜெஸிந்தா விடவில்லை. சென்னைக்கும் ஆலந்தாங்கலுக்கும் பஸ்ஸில் அலைந்தாள். முழுக் கை வேண்டாம், ஒரே விரல், செம்பை எண்ணி எண்ணிக் கொடுக்கிறோம், கூடவே துத்தநாகமும் கையில் தயாராக இருக்கும் என்று தொண்டை வறளப் பேசினாள். பொங்கல் போயிற்று, சித்திரை போயிற்று. கடைசியில் ஒரே ஒரு ஆளுக்கு, ஒரே ஒரு விரலுக்கு அனுமதி வந்தது. முனிரத்தினம் யோசிக்காமல் இடது கைச் சுண்டுவிரலை நீட்டினார்.

மாதங்கள் ஓடின. சோதனைக்குச் சோதனை அவர் உதட்டைப் பிதுக்கினார். விரலில் அழுத்திய நைலான் இழை வளைந்ததே தவிர அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆராவமுதன் செம்பைத் துளி கூட்டினான், துளி குறைத்தான். ஜெஸிந்தாவுக்கே நம்பிக்கை தளர ஆரம்பித்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சர்ச்சிலிருந்து திரும்பிய ஜெஸிந்தா காலனி வழியாக வந்துகொண்டிருந்தாள். தாயாரம்மாவின் வாசலில் புருஷனும் பெண்சாதியும் ஏதோ வாக்குவாதத்தில் இருந்தார்கள். முனிரத்தினம் அரிசியில் கல் பார்க்காமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாராம். தாயாரம்மாவுக்குக் கோபம் வந்தது. அவருடைய இடது கையைப் பிடித்து இழுத்து, கைக்கு வாகாக அகப்பட்ட சுண்டுவிரலில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"ஆ! வலிக்குதுடி!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. வாய் திறந்தது திறந்தபடி நின்றார். தாயாரம்மா இடுப்பில் இடுக்கியிருந்த முறம் கீழே விழுந்தது.

"இன்னாய்யா சொன்ன?"

"வலிக்குது" என்றார் முனிரத்தினம். அவர் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது. "தாயாரு, வலிக்குது. ஐயோ, நல்லா வலிக்குது!"

அந்தக் காலனியில் ஒரு கையைப் பற்றி அந்த வார்த்தையை யாரும் சொல்லிக் கேட்டு ஒரு தலைமுறை ஆகியிருந்தது. கதவுகள் திறந்தன. அடுப்பை விட்டுவிட்டு வந்தார்கள், பாதிக் குளியலில் வந்தார்கள், கட்டை ஊன்றிக்கொண்டு வந்தார்கள். மொண்ணையும் மடங்கலுமான கைகளோடு அவரைச் சுற்றி நின்று, சாமி புறப்பாடு பார்க்கிறவர்களைப் போல அந்த ஒற்றை விரலைப் பார்த்தார்கள். விரல் நுனி சிவந்திருந்தது. ஜெஸிந்தா கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். கையிலிருந்த பைபிளை மார்போடு அணைத்துக்கொண்டு, டாக்டர் என்பதையெல்லாம் மறந்து அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

கடைசியில், ஐசு சுடும் என்று சொன்ன அந்தக் கிழவர்தான் தொண்டையைச் செருமினார்.

"தாயாரு, எனக்குச் சரியா கேக்கல. இன்னொரு தபா கிள்ளும்மா."

முனிரத்தினம் விரலை நீட்டினார்.